சொந்தப் பெயரா, புனைபெயரா, பெயரே இல்லாமலா?

தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கத்துத் தமிழர்களின் இணையக் குழுக்களில் கோயில் கணக்கு விவகாரம் கிளம்பினால் போதும், "தைரியமிருந்தால் சொந்தப் பெயரில் பேசு" என்று யாராவது ஆரம்பித்துவிடுவார். பெயர் போட்டால் நாக்கு அடங்கும் என்பது அவர் கணக்கு.

எனக்கு அதில் நம்பிக்கை குறைவு. 2016 ஜனவரியில், கடற்கரைக்கு வந்த கறுப்பின மக்களைக் குரங்குகள் என்று முகநூலில் எழுதிய பென்னி ஸ்பாரோ, சொந்தப் பெயரில்தான் எழுதினார். சமத்துவ நீதிமன்றம் 1,50,000 ராண்ட் கட்டச் சொன்னது. பெயர் அவரைத் தடுக்கவில்லை, பிடிக்க உதவியது. அதுவும் ஒரு பயன்தான், மறுக்கவில்லை. ஆனால் தென்கொரியா 2007இல் பெரிய தளங்களில் கருத்து எழுதுவோரின் அடையாளத்தைச் சரிபார்க்கச் சட்டமே போட்டது. 2011இல் அங்கே இரண்டு தளங்களிலிருந்து மூன்றரைக் கோடிப் பேரின் விவரங்கள் திருடுபோயின. அடுத்த ஆண்டே அரசியல் சாசன நீதிமன்றம் அந்தச் சட்டத்தை ரத்து செய்தது.

பெயரே இல்லாத பேச்சு இன்னும் சிக்கல். 2021 ஜூலையில் இங்கே நடந்த கலவரத்தில், டர்பனை ஒட்டிய பீனிக்ஸ் வட்டாரத்தில் 36 பேர் இறந்தார்கள். அந்த நாட்களில் "கும்பல் வருகிறது" என்ற குரல்பதிவுகள் போனுக்குப் போன் பறந்தன. அனுப்பியவர் பக்கத்து வீட்டுக்காரர், எண்ணும் தெரியும். முதலில் பேசியது யாரென்றுதான் தெரியாது. தெரிந்தவர் அனுப்பியதாலேயே வதந்திக்கு நம்பகம் கூடியது.

அதற்காக முகமூடியே கூடாது என்றும் சொல்லிவிட முடியாது. அதே ஆண்டு ஆகஸ்டில் ஜோஹன்னஸ்பர்க்கில் தன் வீட்டு வாசலில் சுட்டுக் கொல்லப்பட்ட பபிதா தேவ்கரன், சுகாதாரத் துறையில் டெம்பிசா மருத்துவமனையின் சந்தேகத்துக்குரிய பணப் பட்டுவாடாக்களைக் கேள்வி கேட்ட அதிகாரி. ஊழலைச் சொல்ல வருபவரிடம் பெயர் கேட்பதைவிட ஆவணத்தைக் கேட்பதே நியாயம்.

அன்றாட விவாதத்துக்கு என் ஓட்டு நிலையான புனைபெயருக்கு. ஐந்து வருடமாக ஒரே பெயரில் எழுதுபவர் எங்கே தவறினார், எப்போது திருத்திக்கொண்டார் என்பது எல்லாருக்கும் தெரியும். நேற்று முளைத்த கணக்கில் நிஜப் பெயரே இருந்தாலும் அந்த வரலாறு கிடையாது. சட்டத்துக்கு ஒளிவதாகவும் ஆகாது: இங்கே சிம் கார்டே அடையாள அட்டை காட்டித்தான் பதிவாகிறது.

ஒரே ஒரு விலக்கு வைப்பேன். "நான் டாக்டர், இந்த மாத்திரையை நிறுத்துங்கள்" என்று எழுதுபவர் சொந்தப் பெயரைச் சொல்லியாக வேண்டும். தென்னாப்பிரிக்க மருத்துவப் பணியாளர் கவுன்சிலின் பதிவேடு இணையத்திலேயே இருக்கிறது, பெயரைத் தட்டினால் நிமிடத்தில் தெரிந்துவிடும்.