ஜிபிஎம் 1சி தரவு: வித்தியாசத்தை அழிக்காத நேர்மை

செயற்கைக்கோள்களின் நுண்ணலை அளவீடுகளை ஒப்பிட்டு, எந்தக் கருவி நழுவுகிறது என்று பார்க்க நான் முதலில் திறப்பது ஜிபிஎம் 1சி கோப்புகளைத்தான். ஜிபிஎம் என்பது உலக மழையை அளக்கும் செயற்கைக்கோள் திட்டம்; 1சி என்பது பல கோள்களின் நுண்ணலை அளவீடுகளை ஒரே அடிப்படைக்குத் திருத்திய தரவு நிலை. நாசா இலவசமாகத் தருகிறது. பதிவு செய்துகொண்டால் எச்டிஎஃப்5 வடிவில் இறக்கிக்கொள்ளலாம்.

இதில் மற்றக் கருவிகளை ஒப்பிட்டுத் திருத்தும் படிக்கல், ஜிபிஎம் மையக் கோளில் உள்ள நுண்ணலைக் கருவியான ஜிஎம்ஐ. 2014 பிப்ரவரியில் விண்ணுக்குப் போன கருவி, 13 சேனல்கள். அளவீட்டைச் சரிபார்க்கச் சூடான இலக்கு, குளிர்ந்த விண்வெளி என்ற வழக்கமான இரு புள்ளிகள் போதாதென்று, தாழ் அதிர்வெண் சேனல்களுக்கு இரைச்சல் டையோடுகளும் உண்டு. சுற்றுப்பாதைச் சாய்வு 65 பாகை என்பதால், துருவப் பாதைச் செயற்கைக்கோள்களை நாளின் எல்லா நேரங்களிலும் குறுக்கிடுகிறது. ஒப்பிட இதைவிட வசதி வேண்டுமா?

1சி என்றால் எல்லாக் கருவிகளும் ஒரே எண்ணைக் காட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். காட்டாது, காட்டவும் கூடாது. அமெரிக்க வானிலைக் கோள்களில் உள்ள எஸ்எஸ்எம்ஐஎஸ் கருவி 22.235 கிகாஹெர்ட்ஸில், நீராவிக் கோட்டின் உச்சியிலேயே பார்க்கிறது, ஜிஎம்ஐ 23.8இல், சரிவில். ஈரக்காற்று மூடிய கடல்மேல் இரண்டும் விலகத்தான் செய்யும். ஜப்பானின் ஏஎம்எஸ்ஆர்2 கருவியின் படுகோணம் (தரைக்குச் செங்குத்தான கோட்டிலிருந்து பார்வை சாயும் கோணம்) 55 பாகை, ஜிஎம்ஐக்கு 52.8. கோணம் கூடினால் கடல் செங்குத்து முனைவாக்கத்தில் சூடாகவும், கிடை முனைவாக்கத்தில் குளிராகவும் தெரியும். இதெல்லாம் இயற்பியல். திருத்தம் என்ற பெயரில் இதையும் துடைத்திருந்தால் நான் இந்தத் தரவைத் தொட்டிருக்க மாட்டேன்.

அதனால் நேரடியாகக் கழித்துப் பார்த்துவிட்டுக் கருவியைக் குறை சொல்லாதீர்கள். இரட்டை வித்தியாசம் எடுங்கள்: அளந்த வித்தியாசத்திலிருந்து, கதிர்வீச்சு மாதிரி (கருவி என்ன காட்ட வேண்டும் என்று கணக்கிடும் நிரல்) கணித்த வித்தியாசத்தைக் கழிக்க வேண்டும். மாதிரியின் பொதுப் பிழைகள் பெரும்பாலும் அடிபட்டுப்போகும். மிச்சம்தான் நமக்கு வேண்டியது. ஒரு பாகைக் கட்டங்களில் சராசரி எடுத்து, மேகமில்லாத திறந்த கடலை மட்டும் வைத்துக்கொண்டால் எனக்கு நன்றாக வருகிறது. 10.65 கிகாஹெர்ட்ஸ் சேனலில் கரையை ஒட்டிப் போகவே வேண்டாம், அகன்ற பார்வைப்புலத்தில் நிலம் கலந்துவிடும். படுகோணம் ஒவ்வொரு புள்ளிக்கும் கோப்பிலேயே இருக்கிறது, பெரிய உபகாரம். மேகா-டிராபிக்ஸ் என்ற இந்திய-பிரெஞ்சுக் கோளின் சஃபீர் போலக் குறுக்காக வருடும் கருவிகளில் கோணம் புள்ளிக்குப் புள்ளி மாறும்; அங்கே இது இல்லாமல் ஒன்றும் நடக்காது.

குறை ஒன்றுதான். எவ்வளவு கெல்வின் திருத்தினார்கள் என்பது தனி வரிசையாக இல்லை. திருத்தத்துக்கு முந்தைய மூலக் கோப்பையும் இறக்கிக் கழித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். மழை கணிப்பவர்களுக்கு இது பொருட்டல்ல. கருவியைச் சோதிப்பவர்கள் இரண்டு மடங்கு வட்டு இடம் ஒதுக்கிக்கொள்ளுங்கள்.