போனில் தெரியாத அம்மா

மூன்று வாரம் ஊரில் இருந்துவிட்டு வந்தேன். அம்மாவுக்கு நினைவு தப்புகிறது என்று அக்கா ஒரு வருடமாகச் சொல்லிக்கொண்டுதான் இருந்தாள். ஞாயிறுதோறும் போனில் அம்மா தெளிவாக நலம் விசாரிப்பாள். அதை வைத்து, அக்கா பெரிதுபடுத்துகிறாள் என்று நினைத்துவிட்டேன். போன முதல் நாளே, பொழுது சாய்ந்ததும் அம்மா தன் துணிகளை மூட்டை கட்டி, "வீட்டுக்குப் போகணும்" என்று வாசலில் நின்றாள். ஐந்து நிமிடப் பேச்சைப் பழக்கமே நடத்திவிடும். ஒரு மாலைப்பொழுதை அது தாங்காது.

முதலில் பார்த்த டாக்டர், "வயசானா இப்படித்தான்" என்று அனுப்பிவிட்டார். அது தவறு. டிமென்ஷியா என்கிற மறதி நோய் மூளையைத் தாக்கும் நோய், முதுமையின் இயல்பு அல்ல. அடுத்துப் போனது மறதி நோய்க்கென்றே இருக்கும் கிளினிக். அங்கே எடுத்த எடுப்பில் அல்சைமர் (டிமென்ஷியாவில் அதிகம் காணப்படும் வகை) என்று முத்திரை குத்தவில்லை. தைராய்டு கோளாறு, வைட்டமின் பி12 குறைவு, மன அழுத்தம், சில மாத்திரைகள் இவையும் மறதியைக் கொண்டுவரும் என்பதால் ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். காதையும் சோதித்தார்கள். கடிகாரம் வரையச் சொன்னபோது அம்மா எல்லா எண்களையும் ஒரே பக்கத்தில் எழுதினாள். அப்போதுதான் எனக்குக் கண் கலங்கியது.

ஆனால் அங்கே எனக்குப் பெரிதாகப் பட்டது வேறு. ஒரு நர்ஸ் அக்காவைத் தனியே உட்காரவைத்து, "நீங்க ராத்திரி எவ்வளவு நேரம் தூங்குறீங்க?" என்று கேட்டார். அக்கா பதில் சொல்லவில்லை, அழுதாள். இந்த நோயாளிகளுக்குக் குடும்பத்தினர் தரும் பராமரிப்பு நேரத்தில் 70 விழுக்காடு பெண்களுடையது என்கிறது உலக சுகாதார நிறுவனம். எங்கள் வீட்டில் அது முழுக்க முழுக்க அக்காதான்.

"வீட்டுக்குப் போகணும்னு சொன்னா, இதுதான் வீடுன்னு வாதாடாதீங்க. அந்த வீட்டைப் பத்திப் பேசச் சொல்லுங்க" என்றார் நர்ஸ். அன்று மாலை அம்மா தான் பிறந்த வீட்டைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினாள். மூட்டையை மறந்தாள்.

வாரத்தில் இரண்டு நாள் பகல்நேரப் பராமரிப்பு மையத்தில் இடம் கிடைத்திருக்கிறது. இரவுக்குத்தான் வழி இல்லை. ஜப்பானில் 2000 முதல் நடப்பிலுள்ள நீண்டகாலப் பராமரிப்புக் காப்பீட்டில், முதியவரைச் சில நாள் தங்கவைத்துக் குடும்பத்துக்கு ஓய்வு தரும் ஏற்பாடும் உண்டு. நமக்கு அவசரமாக வேண்டியது அதுதான்.

கடைசி வாரம் அம்மாவின் அறையில் நான் படுத்துக்கொண்டேன். முதல் நாள் காலை ஒன்பது மணிக்குக் கண்விழித்த அக்கா, "அம்மா எங்கடா?" என்று பதறியடித்து ஓடிவந்தாள். அம்மா என் பக்கத்தில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள்.