பொய் நிரூபண அட்டைகள்: 28 வெள்ளிக்குத் தகுமா?

சிங்கப்பூரின் பிராஸ் பசா காம்ப்ளெக்ஸில் ஒரு கடையில் கிடைக்கும் பெட்டி இது. உள்ளே 24 அட்டைகள், நான்கு அக்ரிலிக் துண்டுகள், அவற்றை அடுக்க ஒரு சட்டம். அட்டையின் முன்பக்கத்தில் வரிக்கு வரி எண் போட்ட நிரூபணம் இருக்கும். முடிவு 1 = 2 என்பது போல அபத்தமாக வந்து நிற்கும். எந்த வரி பிசகியது, ஏன் என்பது பின்பக்கத்தில். உயர்நிலை 3, 4-இல் ஏ-மேத்ஸ் (கூடுதல் கணிதம்) படிக்கும் பிள்ளைகளுக்கும் துணைப்பாடம் எடுப்பவர்களுக்கும் ஏற்றது.

பழைய '0-ஆல் வகுத்தல்' தந்திரம் ஒரே ஓர் அட்டையோடு முடிந்துவிடுகிறது. அதற்கே முதல் பாராட்டு. பிள்ளைகள் அதைப் பழகிவிட்டால் எல்லாப் பொய்க்கும் அதே காரணத்தைத்தான் சொல்வார்கள். அவர்களை மடக்குவது 7-ஆம் அட்டை. எக்ஸ்² + எக்ஸ் + 1 = 0 என்று தொடங்குகிறது. எக்ஸ் 0 ஆக முடியாது, ஆகவே அதால் வகுக்கலாம்: எக்ஸ் + 1 + 1/எக்ஸ் = 0. முதல் சமன்பாட்டின்படி எக்ஸ் + 1 என்பது −எக்ஸ்². அதை இங்கே போட்டால் எக்ஸ்³ = 1, ஆகவே எக்ஸ் = 1. முதல் வரியில் வைத்துப் பார்த்தால் 3 = 0!

வகுத்ததில் குற்றமே இல்லை. மூலங்களின் தன்மையைச் சொல்லும் தன்மைக்காட்டி 1 − 4 = −3, அதாவது குறை எண், என்பதால் இதற்கு மெய்யெண் மூலமே கிடையாது. கலப்பெண்களில் எக்ஸ்³ = 1-க்கு மூன்று மூலங்கள் உண்டு. அவற்றில் 1 என்பது பிரதியிட்டபோது புதிதாக நுழைந்தது, மற்ற இரண்டும்தான் முதல் சமன்பாட்டின் மூலங்கள். வர்க்கப்படுத்தித் தீர்க்கும் கணக்குகளில் விடையைத் திரும்பப் போட்டுப் பார்க்காமல் மதிப்பெண் இழப்பதும் இதே ஓட்டையில்தான். பின்பக்க விளக்கம் இதைத் தெளிவாகச் சொல்கிறது.

'எல்லா முக்கோணமும் இருசமபக்க முக்கோணமே' என்னும் 15-ஆம் அட்டையும் அருமை, ஆனால் படம் மட்டும் கொடுத்து ஏமாற்றுகிறது. கவராயம் எடுத்து வரைந்தே ஆக வேண்டும். அஆ = 8, ஆஇ = 7, அஇ = 5 செ.மீ. கோணம் அ-வின் இருசமவெட்டியும் ஆஇ-யின் மையக்குத்துக்கோடும் சந்திக்கும் புள்ளி அட்டையில் முக்கோணத்துக்குள்ளே இருக்கிறது. நீங்கள் வரைந்தால் ஆஇ-க்கு வெளியே சுமார் 2 செ.மீ. தள்ளி விழும். அங்கிருந்து அஆ, அஇ கோடுகளுக்குச் செங்குத்து இறக்குங்கள். இரண்டு அடிப்புள்ளிகளும் அ-விலிருந்து 6.5 செ.மீ., மிச்சம் இருபுறமும் 1.5. சர்வசம முக்கோணங்கள் எல்லாம் சரிதான். ஆனால் ஒரு பக்கம் 6.5 + 1.5 = 8, மறுபக்கம் 6.5 − 1.5 = 5. ஓர் அடிப்புள்ளி பக்கத்தின் மேல், மற்றது அதன் நீட்சியில். அட்டையோ இருபுறமும் கூட்டிவிடுகிறது. பொய் முழுவதும் அந்தக் கூட்டல் குறியில் ஒளிந்திருக்கிறது. பெட்டியில் ஒரு வெற்றுத்தாளாவது வைத்திருக்கலாம்.

குதிரைகள் எல்லாம் ஒரே நிறம் என்னும் தொகுத்தறிதல் அட்டை (ஓர் எண்ணிக்கைக்குச் சரியென்றால் அடுத்ததற்கும் சரி என்று நகரும் முறை அது; 1-இலிருந்து 2-க்குப் போகும்போது இரு குழுக்களுக்கும் பொதுவான குதிரை இல்லை), குறை எண்களின் வர்க்கமூல அட்டை இரண்டும் குறைவின்றி இருக்கின்றன.

தொகையீட்டு அட்டைதான் சறுக்கல். 1/எக்ஸ்-ஐப் பகுதித் தொகையீடு செய்தால் இருபுறமும் அதே தொகையீடு வந்து ஒரு புறம் மட்டும் 1 கூடுதலாக நிற்கும்; அதை வைத்து 0 = 1 என்று முடிப்பதற்கு, 'மாறிலி விடுபட்டது' என்ற ஒற்றை வரி போதாது. 1 முதல் 2 வரை எல்லை போட்டால், வெளியே நின்ற அந்த 1 என்பது 1 − 1 = 0 ஆகிவிடும். இதைச் சேர்த்திருந்தால் தொடக்கக் கல்லூரி மாணவர்களுக்கும் விளங்கியிருக்கும்.

அக்ரிலிக் துண்டுகளை வைத்து 8 × 8 சதுரத்தை 5 × 13 செவ்வகமாக்கலாம், 64 எப்படி 65 ஆனது என்று கேட்கிறார்கள். முக்கோணத் துண்டின் சாய்ந்த பக்கத்துக்குச் சரிவு 3/8, சரிவகத் துண்டின் சாய்ந்த பக்கத்துக்கு 2/5. ஆகவே மூலைவிட்டம் நேர்கோடல்ல, நடுவில் பரப்பு 1 உள்ள மெல்லிய இணைகரம் திறந்துகிடக்கிறது. சதுரத்தின் ஓர் அலகு 1 செ.மீ. என்பதால் அதன் அகலம் வெறும் 1.2 மி.மீ. துண்டுகள் சட்டத்தில் தளர்வாக ஆடுவதால் எது வெட்டுத் தளர்வு, எது கணித இடைவெளி என்று பிரித்தறிய முடியவில்லை. ஓர் அலகுக்கு 2 செ.மீ. வைத்து வரைபடத்தாளில் வரைந்து வெட்டிக்கொள்ளுங்கள். 10 × 26 செ.மீ. செவ்வகம் ஏ4 தாளில் அடங்கும், இடைவெளி 2.3 மி.மீ. ஆகிக் கண்ணுக்கே தெரியும்.