பழைய மேசியோடு எட்டு வருஷம்

2017 பிப்ரவரியில் பொள்ளாச்சிப் பக்கம் ஒரு தோப்பிலிருந்து 1992 மாடல் மேசி பெர்குசன் 1035 டிராக்டர் ஒன்றை 1,55,000 ரூபாய்க்கு வாங்கினேன். எங்கள் பூமி எல்லைக்கு இந்தப் பக்கம், கேரளத்தில் கொழிஞ்சாம்பாறையை ஒட்டி இருக்கிறது. மொத்தம் ஐந்தரை ஏக்கர். மூன்று ஏக்கர் தென்னை. மீதியில் ஆழியாறு தண்ணீர் சரியாக வந்தால் நெல், வராவிட்டால் நிலக்கடலை. "இந்த வயசான வண்டி எதுக்கு மாப்ள, வாடகைக்குக் கூப்பிட்டா நாளைக்கே உழுதுட்டுப் போறான்" என்றார் மாமா. மழை பெய்த மறுநாள் வாடகை வண்டிக்கு ஊரே வரிசையில் நிற்கும் என்பது அவருக்கும் தெரியும். கரிசலில் ஈரம் இருக்கும் அந்த இரண்டு நாளைத் தவறவிட்டால் அப்புறம் கட்டிதான். நான் வாங்கியது அந்த இரண்டு நாளுக்காக.

மேசியைத் தேர்ந்தெடுக்கக் காரணம் ஸ்பேர். சென்னையில் 1960ல் தொடங்கிய டாஃபே கம்பெனி வண்டி, மூன்று சிலிண்டர் சிம்ப்சன் இஞ்சின். லைனர், பிஸ்டன், நாசில் என்று எது கேட்டாலும் பொள்ளாச்சியில் அன்றைக்கே கிடைக்கிறது. குறைந்த விலைக்கு ஒரு ஹெச்எம்டியும் பார்த்தேன். அந்த டிராக்டர் பிரிவை மூடுவதென்று 2016ல் மத்திய அரசு முடிவெடுத்திருந்ததால் தொடவில்லை.

பார்க்கப் போனபோது ஒரு தப்பு செய்ய இருந்தேன். வண்டி ஒரே செல்ஃபில் பிடித்ததும் எனக்கு வாய் கொள்ளாத சந்தோஷம். கூட வந்த மெக்கானிக் அண்ணன் ரேடியேட்டரைத் தொட்டுப் பார்த்து, "தம்பி, நாம வர்றதுக்கு முன்னாடியே ஓட்டி வச்சிருக்காங்க. நாளைக்கு விடியக்காலம் சொல்லாம வருவோம்" என்றார். மறுநாள் காலை மூன்று நிமிடம் இழுத்துத்தான் பிடித்தது, வெள்ளைப் புகையோடு. அதைச் சொல்லி இருபதாயிரம் குறைத்தோம். அப்புறம் ஒன்பது கொத்துக் கலப்பையைத் தூக்கி வைத்து இஞ்சினை நிறுத்திவிட்டு டீ குடித்தோம். திரும்பி வரும்போது கலப்பை நாலு விரல்கடைதான் இறங்கியிருந்தது. கலப்பையைத் தூக்கிப் பிடிக்கிற லிஃப்ட் பரவாயில்லை என்று அட்வான்ஸ் கொடுத்தேன்.

முதல் வருஷமே டீசல் பம்ப், டீசலைப் பீச்சும் நாசில் வேலைக்கு 11,000, கிளட்ச் பிளேட்டுக்கு 8,500, பின் டயர் ஜோடிக்கு 36,000 போனது. இதைச் சேர்த்துத்தான் வாங்கிய விலை என்று நினைத்துக்கொள்ள வேண்டும்.

2021ல் நடந்தது முழுக்க என் தப்பு. இந்த வண்டியில் ஏர் கிளீனர் எண்ணெய்ச் சட்டி வகை. காற்று எண்ணெய் மேல் பட்டுத்தான் உள்ளே போகும், தூசி சட்டியில் தங்கிவிடும். எங்கள் பக்கம் மார்கழி, தை மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடித்தால் கடலைக்காட்டில் உழும் வண்டியே கண்ணுக்குத் தெரியாது. வாரம் ஒருமுறை சட்டியைக் கழுவ வேண்டியவன் ஒரு பட்டம் முழுவதும் மறந்துவிட்டேன். கடைசியில் கழற்றிப் பார்த்தால் எண்ணெய் இல்லை, விரலால் வழிக்கிற அளவுக்குக் களிமண் போல ஒரு குழம்பு. அதற்குள் தூசி உள்ளே போய், பிஸ்டன் ஓடும் லைனரைத் தின்றிருந்தது. இஞ்சின் போர் வேலை, கிராங்க் எல்லாம் சேர்த்து 52,000.

டீசல் தீர்ந்து நின்றால் லைனில் ஏர் பிடித்துக்கொள்ளும். முதல் தடவை ஆள் வரவழைத்து ஐந்நூறு கொடுத்தேன். இப்போது நானே செய்கிறேன். ஃபில்டர் போல்ட்டைத் தளர்த்தி, ஃபீட் பம்ப் குச்சியைக் குமிழ் நிற்கும்வரை அடித்து, பிறகு பம்ப் ஸ்க்ரூ, கடைசியாக மூன்று நாசில் நட்டு. செல்ஃப் அடிக்கும்போது நுரை போய்த் தெளிந்த டீசல் பீச்சினால் ஒவ்வொன்றாக முறுக்க வேண்டியதுதான். இதைக் கற்றுக்கொள்ள விருப்பமில்லாதவர்கள் பழைய வண்டி பக்கமே வர வேண்டாம். வருகிற மெக்கானிக்குக் கொடுத்தே மிச்சம் பிடித்தது போய்விடும்.

புழுதி உழவு, தேங்காய், எரு, வைக்கோல் டிரெய்லர் எல்லாவற்றுக்கும் அருமை. சேற்றுழவுக்கு ஆகாது என்றே சொல்வேன். என்னுடையது சிங்கிள் கிளட்ச். மிதித்தால் வண்டியோடு, பின்னால் சுழன்று சேறு கலக்கும் ரோட்டவேட்டரும் நிற்கும், லிஃப்டும் நிற்கும். சேற்றுக்கான இரும்புக் கேஜ் வீல் மாட்டி இரண்டு போகம் ஓட்டினேன். கியர்பாக்ஸில் தண்ணீர் புகுந்து எண்ணெய் பால் காப்பி நிறமாகிவிட்டது. மாற்ற இருபது லிட்டர் கேன் ஒன்று போதவில்லை. இப்போது நெல்லுக்கு மட்டும் வாடகை வண்டிதான். மாமா சிரிக்கிறார், சிரிக்கட்டும்.

வருஷா வருஷம் ஆயில், பெல்ட், பேட்டரி என்று ஆறாயிரம் போட்டால், எட்டு வருஷத்துக்கு எல்லாம் சேர்த்து மூன்று லட்சத்துப் பத்தாயிரம் சொச்சம் ஆகிறது. டீசல் தனி. இன்றைக்கு 1,40,000க்குக் கேட்கிறார்கள். வருஷத்துக்கு நூற்றைம்பது மணி நேரம் ஓட்டுகிற எனக்குக் கட்டுப்படியாகிறது. இரண்டு ஏக்கர்க்காரருக்கு ஆகாது. வாடகைக்கு விட்டுச் சம்பாதிக்க நினைப்பவருக்கும் ஆகாது. நாள் முழுக்க ஓடினால் ஏதாவது ஒன்று கழன்றுகொண்டே இருக்கும்.

எல்லையில் இருப்பவர்களுக்கு இன்னொன்று. தமிழ்நாட்டுப் பதிவு வண்டியைக் கேரளத்துக்கு மாற்ற, விற்பவர் பக்கத்து ஆர்டிஓவில் என்ஓசி, அதாவது தடையில்லாச் சான்று, வாங்க வேண்டும். பதினைந்து வருஷம் தாண்டிய வண்டிக்கு ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை ஆர்சி என்கிற பதிவுச் சான்றைப் புதுப்பிக்க வேண்டும். எனக்கு விற்றவருக்கு 2017லேயே அந்தக் கெடு நெருங்கியிருந்தது. விலை இறங்கியதற்கு அதுவும் காரணம் என்று பின்னால்தான் புரிந்தது. அவரையே புதுப்பிக்க வைத்து, கையில் என்ஓசி வந்த பிறகு மீதிப் பணம் கொடுத்தேன். ஆனாலும் பேப்பர் முடிய நாலு மாதம் அலைந்தேன். அடுத்த கெடு 2027. அதற்குள் முன் டயர் இரண்டையும் மாற்றி, பிரேக்கையும் பார்த்துவிட வேண்டும்.