பற்றாக்குறை பட்ஜெட்: கோபாலபுரம் செக்போஸ்ட்டுக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?

கேரளம், தமிழ்நாடு இரண்டு அரசுக்கும் கையில் காசு போதவில்லை. இரண்டும் கடன் வாங்கித்தான் வண்டி ஓட்டுகின்றன. டெல்லி எங்கள் பங்கைக் குறைத்துவிட்டது என்று இரண்டும் சொல்கின்றன, அதில் நியாயமும் இருக்கிறது. பதினைந்தாவது நிதிக்குழு மத்திய வரிப் பகிர்வில் கேரளத்துக்குக் கொடுத்தது 1.925 சதவீதம், தமிழ்நாட்டுக்கு 4.079. ஜிஎஸ்டி இழப்பீடும் 2022 ஜூனோடு நின்றுபோனது. டிவி விவாதத்தில் எந்த மாநிலம் முதலில் திவாலாகும் என்று கத்துகிறார்கள். பாலக்காட்டுக்கும் பொள்ளாச்சிக்கும் நடுவே, கோபாலபுரம் செக்போஸ்ட் எல்லையில் இருக்கிறவனுக்குக் கேள்வி வேறு. காசு போதாத இரண்டு அரசில் எதற்கு வரி கட்டிக்கொண்டு குடியிருப்பது?

வீடு கட்ட நினைத்தபோது எங்கள் முன்னால் இரண்டு இடம் இருந்தது. கேரளத்தில் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் அப்பாவின் தோப்பில் ஒரு துண்டு. கோபாலபுரம் தாண்டிப் பொள்ளாச்சி ரோட்டில் மாமனார் தருவதாகச் சொன்ன மனை. மனைவிக்கு வேலை பொள்ளாச்சியில். இருந்தும் கேரளப் பக்கமே கட்டினோம். என் சாய்வு எந்தப் பக்கம் என்பது இதிலேயே தெரிந்திருக்கும். இதே யோசனையில் இருக்கிற மற்றவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

எல்லாருக்கும் தெரிந்ததை முதலில் முடித்துவிடலாம். அன்றாடச் செலவில் தமிழ்நாட்டுக்கே வெற்றி. பெட்ரோல் லிட்டருக்கு நாலைந்து ரூபாய் குறைவு. வீட்டு மின்சாரம் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். பெண்களுக்கு 2021 முதல் டவுன் பஸ்ஸில் டிக்கெட் இல்லை. கேரளத்தில் 2022 மே மாதத்திலிருந்து குறைந்தபட்ச பஸ் கட்டணமே 10 ரூபாய். பத்திரப் பதிவு கேரளத்தில் முத்திரைத்தாள் 8, பதிவுக் கட்டணம் 2, ஆக 10 சதவீதம். தமிழ்நாட்டில் 2023ல் கட்டணத்தைக் குறைத்த பிறகு மொத்தம் 9. கேரளத்தில் 2023ல் நிலத்தின் நியாய விலையையும் 20 சதவீதம் ஏற்றினார்கள். மாமனார் இதையெல்லாம் விரல் விட்டு எண்ணிக் காட்டினார். "ஏனுங்க மாப்பிள்ளை, பெட்ரோல் போட இங்கதான் வர்றீங்க, துணி எடுக்க இங்கதான் வர்றீங்க. அப்புறம் வீட்டை மட்டும் எதுக்குங்க அங்க கட்டறீங்க?" மாதச் செலவை மட்டும் பார்த்தால் அவர் சொன்னதில் தப்பே இல்லை.

கடன் விஷயத்திலும் யாரும் யாரையும் குறை சொல்ல முடியாது. 2021 ஆகஸ்டில் அன்றைய நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் வெளியிட்ட வெள்ளை அறிக்கை, தமிழ்நாட்டில் ஒரு குடும்பத்தின் தலையில் 2,63,976 ரூபாய் கடன் இருப்பதாகச் சொன்னது. கேரளத்தில் அன்றைய நிதியமைச்சர் தாமஸ் ஐசக் 2016லேயே வெள்ளை அறிக்கை கொடுத்தார். அப்புறம் கிஃப்பி என்கிற மாநில உள்கட்டமைப்பு நிதி வாரியம் வழியாக பட்ஜெட்டுக்கு வெளியே கடன் வாங்கிப் பாலமும் பள்ளிக்கூடமும் கட்டும் வழியைப் பெரிதாக்கினார். 2019ல் லண்டனில் 9.723 சதவீத வட்டிக்கு மசாலா பாண்ட், அதாவது வெளிநாட்டில் ரூபாய்க் கணக்கில் விற்கும் கடன் பத்திரம் விற்று 2,150 கோடி திரட்டியதும் அதில் சேரும். பிற்பாடு அந்தக் கடனையும் மாநிலக் கடன் வரம்பில் சேர்த்துக் கணக்குப் போட்டது மத்திய அரசு. கேரளம் உச்ச நீதிமன்றம் போனது. 2024 ஏப்ரல் 1ஆம் தேதி இடைக்கால நிவாரணம் மறுக்கப்பட்டு, வழக்கு அரசியல் சாசன அமர்வுக்குப் போனது.

மதுவைப் பற்றியும் ஒரு வார்த்தை. தமிழ்நாட்டு கஜானா டாஸ்மாக்கில் நிற்கிறது என்று எங்கள் ஊரில் சொல்வார்கள். 2023-24ல் அதன் வருவாய் 45,855 கோடி. ஆனால் கேரளத்திலும் பெவ்கோ என்ற அரசு மதுக்கடை இருக்கிறது, போதாததற்கு லாட்டரியும் இருக்கிறது. தமிழ்நாடு 2003ல் லாட்டரியைத் தடை செய்தது, நல்ல காரியம். எங்கள் பக்கத்து வேலந்தாவளத்தில் தினமும் டிக்கெட் வாங்கும் கூலிக்காரர்களைப் பார்க்கிறவன் என்ற முறையில் இதை மனதாரச் சொல்கிறேன். எங்கள் சித்தூர் தாலுகாவின் தென்னைகளில் கள் இறக்குவது சட்டப்படி நடக்கிற தொழில், செக்போஸ்ட்டுக்கு அந்தப் பக்கம் அதே கள்ளுக்குத் தடை. ஏழையின் கையிலிருந்து பிடுங்குவதில் இரண்டு அரசும் சளைத்ததில்லை. இதை வைத்து இடத்தைத் தேர்ந்தெடுக்க முடியாது.

முதியோர் பென்ஷன் கொஞ்சம் கூர்ந்து பார்க்க வேண்டிய விஷயம், ஏனென்றால் கேரளம் அதற்கென்றே பெயர் சொல்லி வரி போட்டது. 2023 ஏப்ரல் 1 முதல் பெட்ரோல், டீசலில் லிட்டருக்கு 2 ரூபாய் சமூகப் பாதுகாப்பு செஸ். நிதியமைச்சர் பாலகோபால் அறிவித்தபோது ஊரே கொதித்தது. எனக்கு அது பிடித்திருந்தது. எதற்கு வாங்குகிறேன் என்று சொல்லி வாங்குகிற வரியை நான் மதிக்கிறேன். எங்கள் அத்தைக்குப் பென்ஷன் வீட்டுக்கே வரும். கூட்டுறவு சங்கத்து ஆள் பைக்கை வேலியோரம் நிறுத்திவிட்டு, திண்ணையில் உட்கார்ந்து நோட்டை இரண்டு முறை எண்ணிக் கொடுப்பார். அத்தையும் ஒரு முறை எண்ணிவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவார். வருஷத்துக்கு ஒரு தடவை அக்ஷயா என்கிற அரசு சேவை மையத்தில் மஸ்டரிங்குக்கு, அதாவது ஆள் உயிரோடு இருப்பதைக் காட்ட, விரல் வைக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஆனால் செஸ் வந்த அதே 2023ல்தான் பென்ஷன் மாதக் கணக்கில் நின்றது. அடிமாலியில் இரண்டு மூதாட்டிகள் சட்டி ஏந்தித் தெருவில் இறங்கியது அந்த நவம்பரில். ஐந்து மாத நிலுவை இருக்கிறது, இரண்டு நிதியாண்டில் தீர்ப்போம் என்று 2024 ஜூலையில் முதல்வரே சட்டமன்றத்தில் சொன்னார். எங்கள் அத்தை அந்த நாட்களில் மாத்திரை வாங்கக்கூட என் கையை எதிர்பார்த்தது எனக்கு இன்னும் உறுத்துகிறது. 1600 ரூபாய் 2025 நவம்பரில் 2000 ஆனது. தமிழ்நாட்டில் 2023லிருந்து முதியோர் உதவித்தொகை 1200. அதோடு அந்த ஆண்டு செப்டம்பரில் பெண்களுக்கு மாதம் 1000 உரிமைத்தொகையும் தொடங்கினார்கள். என் மைத்துனர் மனைவிக்கு அது மாதம் பிறந்து பாதிக்குள் வங்கிக் கணக்கில் ஏறிவிடுகிறது. தொகை கேரளத்தில் அதிகம், நாள் தவறாமை தமிழ்நாட்டில் அதிகம்.

எங்கள் முடிவைத் தீர்மானித்தது வேறு ஒன்று. மேலே பணம் குறையும்போது கீழே பஞ்சாயத்துக்கு என்ன ஆகிறது, அதைக் கேட்க ஆள் இருக்கிறதா என்பதுதான் அது.

கேரள பட்ஜெட்டோடு அப்பெண்டிக்ஸ் நான்கு என்று ஒரு புத்தகம் வரும். மாநிலத்தின் ஒவ்வொரு பஞ்சாயத்துக்கும் அந்த வருஷம் எவ்வளவு என்று பெயர் போட்டு அதில் அச்சடித்திருப்பார்கள். கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி எல்லாம் தனித்தனி வரிசை. வளர்ச்சி நிதி ஒரு கட்டம், ரோடு பராமரிப்பு ஒரு கட்டம், ரோடு அல்லாத பராமரிப்பு ஒரு கட்டம், பொது நிதி ஒரு கட்டம். 1996ல் நாயனாரின் இடதுசாரி அரசு மக்கள் திட்டத்தைத் தொடங்கி, திட்ட ஒதுக்கீட்டில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் உள்ளாட்சிகளுக்கு என்று அறிவித்தது. இன்று அந்த அளவு இல்லை. ஆனாலும் நான்கில் ஒரு பங்குக்குக் குறையாமல் போகிறது. எந்தக் கட்சி ஆண்டாலும் இந்த ஏற்பாட்டை யாரும் கலைக்கவில்லை.

அந்தப் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்துக் கிராம சபைக்குக் கொண்டுவருகிற ஒருவர் எங்கள் வார்டில் இருக்கிறார், ஓய்வுபெற்ற தமிழ் வாத்தியார். மெம்பர் எழுந்து "ஃபண்ட் வரலைங்க" என்றால் உடனே கேட்பார்: "எந்த ஃபண்டுங்க? மெயின்டனன்ஸா, டெவலப்மென்டா? இதுல இவ்வளவு போட்டிருக்கே, எத்தனை தவணை வந்துச்சு?" மெம்பர் பதில் சொல்லியே தீர வேண்டும். அடுத்த முறை ஓட்டுக் கேட்க அதே திண்ணைக்குத்தான் அவர் வரவேண்டும். தேர்தலும் ஆண்டுக்கணக்கில் தள்ளிப் போவதில்லை. 1995, 2000, 2005 என்று ஐந்தாண்டுக்கு ஒரு முறை, கடைசியாக 2025 டிசம்பர் வரை, கேரள உள்ளாட்சித் தேர்தல் முறை தவறியதில்லை.

கேரளத்திலும் பணம் முழுதாக வந்துவிடுவதில்லை. மூன்று தவணையில் கடைசித் தவணை மார்ச் வரைக்கும் இழுக்கும். பஞ்சாயத்து பில் போட்டாலும் ட்ரஷரியில் கட்டுப்பாடு, இத்தனை லட்சத்துக்கு மேல் என்றால் நிதித்துறை அனுமதி வேண்டும் என்பார்கள். காண்ட்ராக்டர் காசு வராமல் வேலையைப் பாதியில் விடுவார், அது ஸ்பில் ஓவர் ஆகி அடுத்த வருஷக் கணக்கைத் தின்னும். எங்கள் தெருமுனைச் சிறுபாலம் அப்படித்தான் ஒரு மழைக்காலம் முழுக்கக் கம்பி தெரிய நின்றது. ஆனால் அது ஏன் நிற்கிறது, எந்த பில் எங்கே மாட்டியிருக்கிறது என்று தெருவில் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. குடும்ப ஆரோக்கிய மையத்தில் சாயங்கால ஓபிக்குப் பஞ்சாயத்து தன் காசில் டாக்டரை வைக்கிறது. அந்த டாக்டர் வராத வாரத்தில் ஜனங்கள் நேராகப் பஞ்சாயத்து ஆபீசுக்குத்தான் போகிறார்கள்.

செக்போஸ்ட் தாண்டினால் நிலைமை வேறு. தமிழ்நாடு தன் சொந்த வரி வருவாயில் 10 சதவீதத்தை உள்ளாட்சிகளுக்குப் பிரிக்கிறது, ஆண்டுக்கு ஆறு கிராம சபைகளும் உண்டு. காகிதத்தில் குறையொன்றும் இல்லை. ஆனால் 2016ல் பதவிக்காலம் முடிந்த பிறகு மூன்று ஆண்டுக்கும் மேல் தேர்தலே நடக்கவில்லை. 2019 டிசம்பரில் நடந்தது. அப்படி வந்தவர்களின் காலம் கோவை உட்பட 28 மாவட்டங்களில் 2025 ஜனவரி 5ஆம் தேதி முடிந்தது. மறுபடியும் தேர்ந்தெடுத்தவர்கள் இடத்தில் அரசு நியமித்த தனி அலுவலர்கள். அவர்கள் வேலை செய்வதில்லை என்று நான் சொல்லவில்லை. மாமனார் ஊரில் குடிநீர் மோட்டார் எரிந்துபோனபோது, யாரிடம் சொல்வது என்று அவர் ஒரு வாரம் அலைந்ததைப் பார்த்தேன். முன்பு தலைவர் வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டுவார். அன்று தட்ட ஒரு கதவு இல்லை.

தமிழ்நாட்டுச் செலவுத் திட்டங்கள் பெரும்பாலும் சென்னையிலிருந்து நேராக வீட்டுக்கு வருகின்றன. மக்களைத் தேடி மருத்துவத்தில் மாமியாருக்கு பிபி மாத்திரை வாசலுக்கே வருகிறது, அருமையான திட்டம். காசு இருக்கும் வரை இது கேரளத்தைவிட வேகம். காசு குறைந்து ஒன்றை வெட்டினால், ஏன் என்று கேட்க உள்ளூரில் ஆள் இருக்காது. பற்றாக்குறை வருஷா வருஷம் இருக்கப்போகிறது என்றால், எனக்கு அந்த ஆள்தான் முக்கியம்.

என் வாதத்துக்கு எதிரான ஒன்றையும் சொல்ல வேண்டும். 2025 ஜனவரியில் எங்கள் பாலக்காடு மாவட்டத்து எலப்புள்ளியில் மதுபான ஆலைக்குக் கேரள அமைச்சரவை முதற்கட்ட அனுமதி கொடுத்தது. மழை குறைந்த, தண்ணீருக்குத் தவிக்கும் நிலம் அது. பஞ்சாயத்து எதிர்த்தது. மேலே வருமானம் தேவைப்படும்போது கீழே இருப்பவர்களைக் கேட்காமல் முடிவெடுக்கும் பழக்கம் திருவனந்தபுரத்துக்கும் உண்டு.

அப்புறம், தமிழ்நாட்டுப் பக்கம் நான் மாமனார் வீட்டு விருந்தாளிதான், அங்கே வீட்டுவரி கட்டி வாழ்ந்தவன் இல்லை. பொள்ளாச்சி நகராட்சி எப்படி நடக்கிறது என்று பேச எனக்கு அனுபவம் போதாது. என்னுடைய ஒப்பீடு கிராமப் பஞ்சாயத்துக்கு மட்டும்தான் பொருந்தும். பிள்ளைகளைத் தமிழ் வழியில் படிக்க வைக்க நினைப்பவர்களுக்கு இந்தப் பக்கம் பள்ளிகள் உண்டு, ஆனால் மேல் வகுப்புக்குப் போகப் போகத் தெரிவுகள் சுருங்கும். அதற்குத் தனியாகக் கணக்குப் போடுங்கள்.

வீட்டில் தினமும் பஸ் ஏறுகிற பெண்கள் இரண்டு மூன்று பேர், வயதானவர்கள் யாரும் இல்லை என்றால் தமிழ்நாட்டுப் பக்கம் கட்டுவதுதான் லாபம், தயங்க வேண்டாம். வயதானவர் இருக்கிறார், நீங்களும் கிராம சபைக்குப் போய் உட்காருகிற ஆள் என்றால் இந்தப் பக்கம் வாருங்கள். இடம் பார்க்கும் முன் அப்பெண்டிக்ஸ் நான்கில் அந்தப் பஞ்சாயத்தின் வரிசையை இரண்டு வருஷத்துக்கு எடுத்துப் பாருங்கள். பஞ்சாயத்து ஆபீசில் போன வருஷ ஸ்பில் ஓவர் எத்தனை வேலை என்று கேளுங்கள், சொல்வார்கள்.