ராத்திரி இருமலுக்கு எது கைகொடுக்கும்: தேனா, சிரப்பா, கஷாயமா?

மும்பை மழைக்காலத்தில் வைரல் காய்ச்சல் ஒரு வீட்டுக்குள் வந்துவிட்டால் ஒருவரோடு நிற்பதில்லை. செம்பூரில் எங்கள் வீடு ஒரு அறை, ஒரு சமையலறை, அவ்வளவுதான். ஜூலையில் முதலில் ஆறு வயது மகனுக்கு வந்தது, அப்புறம் எனக்கு, கடைசியில் அத்தைக்கு. காய்ச்சல் நாலு நாளில் விட்டது, இருமல் விடவில்லை. ஒருவர் இருமினால் நாலு பேரும் விழித்துக்கொள்கிற வீடு இது. அதனால் ஒவ்வொரு வைத்தியத்தையும் ஒரே கேள்வி வைத்துத்தான் பார்த்தேன்: ராத்திரி தூங்க விடுகிறதா?

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். சளிக்காய்ச்சலுக்குப் பின்னால் வரும் இருமல் சராசரியாக 18 நாள் நீடிக்கும். கிருமி அடங்கிய பிறகும் மூச்சுக்குழாயின் உட்புறம் புண்பட்டே இருக்கும். குளிர்காற்று பட்டாலும், கொஞ்சம் பலமாகச் சிரித்தாலும் இருமல் கிளம்பும். இது தெரியாமல்தான் ஒரு வாரம் ஆனதும் பதறிப்போய் ஆன்டிபயாடிக் கேட்கிறோம். வைரஸுக்கு அது ஒன்றும் செய்யாது.

தேனும் சிரப்பும் நேருக்கு நேர் மோதிய ஆய்வு ஒன்று 2007-இல் அமெரிக்காவில் வெளியானது. ராத்திரி இருமலோடு வந்த 105 பிள்ளைகளில் சிலருக்குத் தேன், சிலருக்கு டெக்ஸ்ட்ரோமெதார்ஃபான் என்ற இருமல் மருந்து, மீதிப் பேருக்கு ஒன்றுமே கொடுக்கவில்லை. பெற்றோர் கண்ணுக்கு அதிகம் தேறியது தேன் சாப்பிட்ட பிள்ளைகள்தான். மருந்து, ஒன்றும் கொடுக்காததைவிடப் பெரிதாக மேலாக இல்லை. அங்கே கொடுத்த அளவுதான் எங்கள் வீட்டிலும்: படுப்பதற்கு அரை மணி நேரம் முன்னால், 2 முதல் 5 வயதுக்கு அரை டீஸ்பூன், 6 முதல் 11 வயதுக்கு ஒன்று, அதற்கு மேல் இரண்டு. மகன் முதல் ராத்திரியே நாலு மணி நேரம் விடாமல் தூங்கினான். ஆனால் ஒரு வயது ஆகாத குழந்தைக்குத் தேனை நாக்கில் தொட்டுக்கூட வைக்கக்கூடாது. பாட்டுலிசம் என்ற கொடிய நச்சு நோய் வரலாம். சர்க்கரை நோய் உள்ளவர்கள் தேனையும் சர்க்கரைக் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

சிரப்பில் எனக்கு இருக்கும் பயத்தை மறைக்கப்போவதில்லை. கடையில் "இருமல்" என்று சொன்னவுடன் எடுத்துக் கொடுக்கும் பாட்டிலில் பெரும்பாலும் இரண்டு மூன்று மருந்துகள் கலந்திருக்கும். டெக்ஸ்ட்ரோமெதார்ஃபான் இருமலை அடக்கும். ஆம்ப்ராக்சால் சளியை இளக்கும். இளகிய சளி வெளியே வர இருமித்தானே ஆக வேண்டும்? இரண்டும் ஒரே பாட்டிலில் இருந்தால் என்ன அர்த்தம்? டெர்புடலின், லெவோசால்ப்யூடமால் இருந்தால் அது இழுப்பு உள்ளவர்களுக்கான மருந்து. இழுப்பு இல்லாதவருக்குக் கை நடுக்கமும் படபடப்பும்தான் மிச்சம். மூக்கடைப்புக்குச் சேர்க்கும் ஃபினைலெஃப்ரின் ரத்த அழுத்தத்தை ஏற்றும். அத்தை பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர். குளோர்ஃபெனிரமின் என்ற அலர்ஜி மருந்தும் ஃபினைலெஃப்ரினும் சேர்ந்த கலவையை 4 வயதுக்குக் கீழே கொடுக்கக் கூடாது என்று லேபிளில் போடும்படி 2023-இலேயே உத்தரவு வந்தது. டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு ரசாயனம் கலந்த சிரப்பால் 2025-இல் மத்தியப் பிரதேசத்தில் குழந்தைகள் செத்துப்போன பிறகு, 2 வயதுக்குள் இருமல் மருந்தே வேண்டாம், 5 வயதுக்குள்ளும் பொதுவாகத் தேவையில்லை என்று மத்திய அரசு அறிவுறுத்தியது. பெரியவர்களுக்கு, வறட்டு இருமல் ராத்திரி முழுக்கக் குத்தி எடுத்தால், டெக்ஸ்ட்ரோமெதார்ஃபான் மட்டும் உள்ளதை டாக்டரைக் கேட்டு இரண்டு மூன்று ராத்திரி எடுக்கலாம். மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதைச் சொல்லாமல் எடுக்கவே கூடாது.

கஷாயத்துக்கு வருவோம். அத்தை திருநெல்வேலியிலிருந்து கொண்டுவந்த ஆடாதோடைப் பொடியைக் கொதிக்க வைத்துக்கொண்டிருந்தபோது, பக்கத்து வீட்டு மராத்திக்கார அம்மா, நாங்கள் காக்கூ என்று கூப்பிடுகிறவர், "அடுள்சா" பாட்டிலோடு வந்தார். எது நல்லது என்று இருவரும் பேச ஆரம்பித்துவிட்டார்கள். அடுள்சா என்பது ஆடாதோடைக்கு மராத்திப் பெயர்! அதோடு, அந்த இலையிலுள்ள வாசிசின் என்ற பொருளை ஒட்டித்தான் புரோம்ஹெக்சின் என்ற சளி இளக்கும் மருந்தை உண்டாக்கினார்கள். உடம்புக்குள் அது ஆம்ப்ராக்சாலாக மாறுகிறது. ஆக, கஷாயச் சட்டியும் கடைச் சிரப்பும் ஒரு வகையில் சொந்தக்காரர்கள். கஷாயம் இருமலின் நாட்களைக் குறைத்ததாக நான் பார்க்கவில்லை. சூடாக உள்ளே போனதும் தொண்டை இதமாகிறது. உடன்குடிக் கருப்பட்டி போட்ட சுக்குக் காப்பியும் அதே இதத்தைத் தருகிறது, கசப்பும் இல்லை. கர்ப்பிணிகள் ஆடாதோடையைத் தொடக்கூடாது. அத்தை நாள் முழுக்க வாயில் அடக்கி வைத்திருந்த அதிமதுரத்தையும் நிறுத்தச் சொன்னேன். தொடர்ந்து சாப்பிட்டால் அதுவும் பிரஷரை ஏற்றும்.

ஆவி பிடித்தால் மூக்கு கொஞ்ச நேரம் திறக்கும், அவ்வளவுதான். சின்ன சமையலறையில் குழந்தை பக்கத்தில் கொதிநீர்ப் பாத்திரம் வைக்க எனக்கு மனம் வரவில்லை. வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளிப்பது செலவில்லாத நல்ல பழக்கம். மூக்குச் சளி தொண்டையில் இறங்குவதால்தான் படுத்ததும் இருமல் கூடுகிறது. தலையணையை உயர்த்தியது அத்தைக்கு நன்றாகவே உதவியது.

ஆனால் தேனுக்கு அடுத்தபடியாக எங்களைத் தூங்க வைத்தது, புகையை நிறுத்தியது. மழையில் துணி வீட்டுக்குள்ளேயே காயும். அந்த ஈர வாடைக்கு அத்தை தினமும் சாயங்காலம் சாம்பிராணி போடுவார், ராத்திரி கொசுவர்த்திச் சுருள் எரியும். "அத்தை, இருமல் போகும்வரை விளக்கு மட்டும் ஏற்றுங்களேன்" என்றேன். சுருளுக்குப் பதில் கொசுவலை கட்டினோம். மூன்றாம் நாளே வித்தியாசம் தெரிந்தது.

குழந்தைக்கு மூச்சு வேகமாக வாங்கினால், விலா உள்ளே இழுத்தால், தண்ணீர்கூடக் குடிக்காவிட்டால் வீட்டு வைத்தியம் வேண்டாம், உடனே ஆஸ்பத்திரி. பெரியவர்களுக்கு மூச்சுத் திணறல், நெஞ்சுவலி, சளியில் ரத்தம், விட்ட காய்ச்சல் திரும்புவது ஆகியவையும் அப்படியே. நம் நாட்டில் இருமல் இரண்டு வாரம் தாண்டினால் காசநோய்க்குச் சளிப் பரிசோதனை செய்ய வேண்டும். அரசு மையங்களில் இலவசம். அத்தைக்கு 15-ஆம் நாளும் இருமல் இருந்தது. டிபி என்றதும் அக்கம்பக்கம் என்ன பேசுமோ என்று தயங்கினார். நானும் கூடவே போய் வரிசையில் நின்றேன். இல்லை என்று முடிவு வந்தது. 22-ஆம் நாள் இருமலும் நின்றது.