எட்டு நாள் மௌனத் தியானம்: வாழ்க்கை முடிவோடு போகிறவர்களுக்கு ஒரு மதிப்பீடு

1522இல் ஸ்பெயினின் மொன்செராட் மலைக்குப் போகும் வழியில், பின்னாளில் இயேசு சபை என்ற கத்தோலிக்கத் துறவற சபையை நிறுவிய இஞ்ஞாசியாருக்கும் ஒரு மூர் (முஸ்லிம்) இனத்தவருக்கும் வாக்குவாதம் வந்தது. அன்னை மரியாவின் கன்னிமையைப் பற்றிய பேச்சு. அந்த ஆள் முன்னால் போய்விட்ட பிறகு, துரத்திப் போய்க் கத்தியால் குத்துவதா, போகட்டும் என்று விடுவதா என்று இவருக்குக் குழப்பம். முடிவெடுக்க முடியாமல், பாதை பிரியும் இடத்தில் தன் கோவேறு கழுதையின் கடிவாளத்தைத் தளர்த்திவிட்டார். அது ஊர்ப் பாதையில் திரும்பினால் குத்துவது, நெடுஞ்சாலையில் போனால் விட்டுவிடுவது. கழுதை நெடுஞ்சாலையில் போனது. பிற்காலத்தில் இதை அவரே மறைக்காமல் சொல்லி எழுதவைத்தார். கண்ணை மூடி பைபிளைத் திறந்து விரல் வைப்பது, புத்தாண்டு வாக்குத்தத்த அட்டையை நம்பி வேலையை விடுவது, பீடத்தில் இரண்டு சீட்டு போட்டு ஒன்றை எடுப்பது எல்லாம் இந்தக் கழுதை வழிதான். நல்லபடியாக முடிந்தாலும் முடிவெடுத்தது நாம் அல்ல.

அதே மனிதர் பிறகு மன்றேசா என்ற ஊரில் தொடங்கிப் பல ஆண்டுகள் செதுக்கி உருவாக்கியதுதான் ‘ஆன்மிகப் பயிற்சிகள்’ என்ற நூலும் அது சொல்லும் தியான முறையும். முழு வடிவம் ஏறக்குறைய 30 நாள். அதன் சுருக்கமாக இயேசு சபையினரும் வேறு சில சபையினரும் தங்கள் தியான இல்லங்களில் தரும் எட்டு நாள் மௌனத் தியானம்தான் இன்று பொதுநிலையினர் (குருவோ துறவியோ அல்லாதவர்கள்) கைக்கு எளிதில் எட்டுவது. மனஅமைதி தேடிப் போகிறவருக்கு வேறு அளவுகோல்கள் உண்டு. இங்கே பார்ப்பது ஒன்றை மட்டும்: கையில் ஒரு முடிவை வைத்துக்கொண்டு போகிறவருக்கு இந்தச் சேவை உதவுமா?

‘தியானத்துக்குப் போகிறேன்’ என்றால் நம்மில் பலருக்கு மனத்தில் வருவது கேரளத்தின் முரிங்கூர் போன்ற இடங்களில் பெருங்கூட்டத்தோடு நடக்கும் போதனைத் தியானம்: பாட்டு, பிரசங்கம், குணமளிக்கும் வழிபாடு. இது அது அல்ல. இங்கே பிரசங்கம் கிட்டத்தட்ட இல்லை. வழிகாட்டி தினமும் ஒன்றிரண்டு விவிலியப் பகுதிகளைச் சுருக்கமான குறிப்போடு தருவார். அதை வைத்து நாளுக்கு நான்கு அல்லது ஐந்து முறை, ஒவ்வொரு முறையும் முழு ஒரு மணி நேரம் தனியாகச் செபிக்க வேண்டும். ஒவ்வொரு செபமும் முடிந்ததும் கால் மணி நேரம் மீள்பார்வை: எங்கே மனம் இளகியது, எங்கே இறுகியது, எந்த வரியைத் தாண்டிப் போகவே பிடிக்கவில்லை என்று ஒரு நோட்டில் எழுதுவது. நாளுக்கு ஒருமுறை அரை மணி முதல் முக்கால் மணி வரை வழிகாட்டியோடு தனிச் சந்திப்பு, ஒரு திருப்பலி, இரவில் அன்றைய நாளைத் திரும்பிப் பார்க்கும் ஆன்ம சோதனை. மற்ற நேரமெல்லாம், சாப்பாட்டு மேசை உட்பட, மௌனம். கைபேசியை அலுவலகத்தில் ஒப்படைத்துவிடுவது நல்லது. பையில் போட்டு வைத்தால் மூன்றாம் நாள் கை தானாகத் தேடும்.

மீள்பார்வையைத்தான் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். செபம் முடிந்துவிட்டதே, இனி என்ன எழுதுவது என்று எழுந்து போய்விடுவார்கள். முடிவெடுக்க வந்தவருக்கு அந்த நோட்டுதான் மூலப்பொருள். ஐந்தாம் நாள் திருப்பிப் பார்க்கும்போது, ஒரு வழியை நினைத்தபோதெல்லாம் செபம் ஆழப்பட்டதா, பரபரத்ததா என்பது அதில்தான் தெரியும். நினைவை நம்பினால், மனம் தனக்குப் பிடித்த பதிலை மட்டுமே ஞாபகம் வைத்துக்கொள்ளும்.

வழிகாட்டியின் தரம்தான் இந்தச் சேவையின் தரம். நூலின் தொடக்கக் குறிப்புகளில் 15ஆவது இதைத் தெளிவாக வரையறுக்கிறது: துறவறம் உயர்ந்தது என்றே வழிகாட்டி நம்பினாலும், தியானத்தின்போது அதன் பக்கமோ எதிர்ப்பக்கமோ ஆளைத் தள்ளக் கூடாது, தராசின் முள்போல் நடுவில் நின்று, படைத்தவரும் படைப்பும் நேரடியாகப் பேசிக்கொள்ள விட்டுவிட வேண்டும். ‘உங்களுக்கு இதுதான் தேவசித்தம்’ என்று இரண்டாம் சந்திப்பிலேயே சொல்லிவிடுகிறவர், எவ்வளவு பக்திமானாக இருந்தாலும், இந்த வேலைக்கு ஏற்றவர் அல்ல. 14ஆவது குறிப்பு இன்னும் நடைமுறையானது: ஒருவர் உருகிக் கண்ணீர் விட்டு இப்போதே துறவற வார்த்தைப்பாடு கொடுக்கிறேன் என்றால், அவசரப்பட விடாதே என்கிறது.

இந்தக் கவனத்துக்குப் பின்னால் அந்தக் காலத்துப் பெரிய சண்டை ஒன்று இருக்கிறது. மனிதனுக்குச் சுயாதீனச் சித்தம் உண்டா என்று 1524இல் கத்தோலிக்க அறிஞர் எராஸ்முஸும் 1525இல் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தரும் எதிரெதிரே எழுதினார்கள். ஆதாமின் பாவத்தால் மனிதனின் சுதந்திரச் சித்தம் அழிந்துவிடவில்லை என்று 1547 சனவரியில் கத்தோலிக்கத் திருச்சபையின் திரெந்து சங்கம் அறிக்கையிட்டது. அதற்கு அடுத்த ஆண்டு, 1548 சூலை 31 அன்று, திருத்தந்தை மூன்றாம் பவுல் பயிற்சிகள் நூலுக்கு ஒப்புதல் தந்தார். நூலின் கடைசிப் பக்கங்களில் இஞ்ஞாசியார் முன்குறித்தலைப் பற்றி (யாருக்கு மீட்பு என்று கடவுள் முன்பே தீர்மானித்துவிட்டார் என்ற கோட்பாடு) அதிகம் பேச வேண்டாம் என்கிறார்; பேசினால் ‘மீட்போ அழிவோ ஏற்கெனவே முடிவாகிவிட்டது, நான் செய்வதில் என்ன இருக்கிறது’ என்று மக்கள் சோம்பிவிடுவார்கள். சுதந்திரத்தை இல்லாமல் ஆக்கிவிடும் அளவுக்கு அருளைப் பற்றி நீட்டி முழக்காதீர்கள் என்றும் சொல்கிறார். அருளும் வேண்டும், சித்தமும் வேண்டும். பிலிப்பியர் 2:12-13 இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறது. சபை வேறுபாடில்லாமல் யாரும் இதில் கலந்துகொள்ளலாம் என்றாலும், முன்குறித்தலை அழுத்தமாக நம்பும் மரபிலிருந்து வருகிறவருக்கு இந்த முறையின் அடித்தளமே உறுத்தலாம். முன்கூட்டியே தெரிந்துகொண்டு போவது நல்லது.

இனி மையப் பகுதி. முடிவெடுத்தலுக்கு நூல் ஒரு வாசல்படி வைக்கிறது: தேர்வுக்கு வரும் இரண்டு வழிகளும் நல்லவையாகவோ, தம்மில் தீமை இல்லாதவையாகவோ இருக்க வேண்டும். லஞ்சம் வாங்குவதா வேண்டாமா என்பதற்கு எட்டு நாள் தேவையில்லை. அதற்கு விடை கட்டளையிலேயே இருக்கிறது. செல்லுபடியான திருமணம், குருத்துவம் போல ஏற்கெனவே எடுத்துவிட்ட மாற்றமுடியாத முடிவும் தேர்வுக்கு வராது. (வீட்டில் அடி உதை வாங்குகிறவர் வெளியேறுவதா என்ற கேள்வியைத் தியான அறைக்குக் கொண்டுவரவே வேண்டாம். முதலில் பாதுகாப்பு, பிறகு செபம்.) இன்னொருவருடைய சுதந்திரமும் உங்கள் தேர்வுப் பொருள் அல்ல. ‘மகன் குருமடம் சேரட்டுமா’ என்று தாய் எட்டு நாள் செபித்தாலும் பதில் கிடைக்காது. மகனின் முடிவை நான் எப்படி ஏற்பேன் என்பது மட்டுமே அவருடைய கேள்வி.

வாசல்படியைத் தாண்டியதும், மூன்று சூழல்களைச் சொல்கிறார் இஞ்ஞாசியார். பவுலுக்கும் மத்தேயுவுக்கும் நடந்ததுபோல் சந்தேகத்துக்கே இடமில்லாத அழைப்பு ஒன்று; அது அபூர்வம். செபத்தில் ஆறுதலும் (மனம் கடவுள்பால் இளகுவது) வறட்சியும் (செபம் காய்ந்து மனம் சோர்வது) மாறி மாறி வருவதைக் கவனித்துத் தெளிவது இரண்டாவது. மனம் அலைபாயாமல் அமைதியாக இருக்கும்போது அறிவைப் பயன்படுத்தி எடுப்பது மூன்றாவது. நடைமுறையில் அதிகம் பயன்படுவது இந்த மூன்றாவதுதான். அதில் தவறுகளும் அதிகம்.

ஒரு செவிலியருக்குக் குவைத்தில் வேலை கிடைத்திருக்கிறது, ஊரில் வயதான அம்மா தனியாக இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கேள்வியை ஒரே வாக்கியமாக எழுத வேண்டும்: ‘இந்த ஒப்பந்தத்தை ஏற்பதா, மறுப்பதா?’ ‘என் எதிர்காலம் என்ன?’ என்று எழுதினால் எட்டு நாளும் வீண். அடுத்தது, எந்தப் பக்கமும் சாயாத நிலைக்கு வர அருள் கேட்பது. இதற்கு ஒரு நாள் முழுக்க ஆகலாம். அதன் பிறகே தாளை நான்காகப் பிரிப்பது: போனால் நன்மை, போனால் தீமை, போகாவிட்டால் நன்மை, போகாவிட்டால் தீமை. ஏன் நான்கு? போவதன் தீமையும் போகாமையின் நன்மையும் ஒன்றல்ல. போனால் அம்மாவின் மருந்தைக் கவனிக்க ஆள் வேண்டும் என்பது தீமை. போகாவிட்டால் இங்குள்ள மருத்துவமனையில் ஏழைகளுக்குச் செய்யும் பணி தொடரும் என்பது நன்மை. இரண்டு பத்தி மட்டும் எழுதுகிறவருக்கு இந்த இரண்டாவது கண்ணிலேயே படாது. ஒரு பத்தியில் எழுதியதையே புரட்டிப் போட்டு இன்னொரு பத்தியை நிரப்புவதுதான் இங்கே மிகப் பொதுவான தவறு.

பிறகு எண்ணிக்கையைப் பார்க்கக் கூடாது. ஒன்பது வரிக்கு எதிரே இரண்டே வரி இருந்தாலும் அந்த இரண்டு கனமாக இருக்கலாம். நூல் தரும் அளவுகோல் ஒன்றே: எது இறைவனின் புகழுக்கும் என் ஆன்மாவின் மீட்புக்கும் கூடுதலாக உதவும்? சம்பளம் இந்தப் பட்டியலில் வரலாம், ஆனால் அதனால் என்ன செய்யப் போகிறேன் என்ற வடிவத்தில்தான் வரவேண்டும். தங்கையின் படிப்புக் கடன் அடையும் என்பது ஒரு காரணம். நல்ல சம்பளம் என்பது வெறும் ஆசையாகவும் இருக்கலாம்.

பட்டியலில் தெளிவு பிறக்காவிட்டால் வேறு சோதனைகள் உண்டு. இதுவரை பார்த்திராத ஒருவர் இதே கேள்வியோடு வந்தால் என்ன ஆலோசனை சொல்வேன்? சாகும் நேரத்தில் எதைத் தேர்ந்திருக்க விரும்புவேன்? தீர்ப்பு நாளில்? முதல் கேள்விதான் கூர்மையானது. தனக்குச் சொல்லிக்கொள்ளும் சாக்குகளை அந்நியருக்கு யாரும் சொல்வதில்லை.

எங்கே கெட்டுப்போகிறது? பெரும்பாலும் மனத்தளவில் முடிவெடுத்துவிட்டு முத்திரை வாங்க வருகிறவரிடம்தான். இதற்காகவே நூலில் ஒரு தியானம் இருக்கிறது: நேர்மையற்ற நோக்கம் இல்லாவிட்டாலும் கடவுள் அன்புக்காக மட்டும் என்றும் இல்லாமல், பத்தாயிரம் தூக்காத்து (அக்கால ஐரோப்பியப் பொற்காசு) சேர்த்துவிட்ட மூன்று வகையினர். முதல் வகை, பற்றை விட வேண்டும் என்று சொல்லிக்கொண்டே சாகும்வரை ஒன்றும் செய்யாது. இரண்டாம் வகை, பற்றை விடுவேன், காசு மட்டும் என்னிடமே இருக்கட்டும் என்று கடவுளைத் தன் வழிக்கு இழுக்கும். மூன்றாம் வகைக்கு, வைத்துக்கொள்வதும் விடுவதும் கடவுள் விருப்பப்படி. தியானத்துக்கு வரும் பக்தர்களில் இரண்டாம் வகை அதிகம். நல்ல வழிகாட்டி இந்தத் தியானத்தைத் தேர்வுக்கு முன்பே கொடுத்துவிடுவார்.

அடுத்த ஆபத்து வறட்சி நாள். நான்காம் நாள் வாக்கில் செபம் காய்ந்து, வந்ததே தவறோ, வீட்டுக்குப் போய்விடலாமோ என்று தோன்றும். அப்போது எந்த முடிவையும் மாற்றாதே என்பது மன அசைவுகளைப் பகுத்தறிய நூல் தரும் விதிகளில் ஐந்தாவது. முந்தைய நாள் தெளிவில் எடுத்ததைப் பிடித்துக்கொண்டு, செபத்தைச் சற்றுக் கூட்ட வேண்டும். ஒரு மணி நேரம் உட்கார முடியவில்லையா, ஒன்றிரண்டு நிமிடம் அதிகமாக உட்கார். ஆனால் இதற்கும் ஓர் எல்லை இருக்கிறது. கடும் மனச்சோர்வு, தூக்கமின்மை, அண்மையில் நேர்ந்த இழப்பு உள்ளவர்கள் நீண்ட மௌனத்துக்குப் போகுமுன் மருத்துவரிடமும் வழிகாட்டியிடமும் சொல்லிவிட வேண்டும். மருந்தை நிறுத்திவிட்டுத் தியானத்துக்கு வருவது விசுவாசத்தின் அடையாளம் அல்ல.

எட்டு நாளின் உண்மையான குறை வேறு. 30 நாள் வடிவத்தில் தேர்வு ஏறக்குறைய நடுப்பகுதியில் வருகிறது. அதன்பின் பாடுகளையும் உயிர்ப்பையும் தியானிக்கும் வாரங்களில் அந்த முடிவு நிலைக்கிறதா என்று உறுதிப்பட நேரம் இருக்கிறது. எட்டு நாளில் ஐந்தாம் ஆறாம் நாள்தான் தேர்வுக்கே வர முடியும். உறுதிப்படுத்தல் பெட்டி கட்டும் நேரத்தோடு மோதுகிறது. ஆகவே எட்டாம் நாள் கையில் இருப்பதை ‘தற்காலிக முடிவு’ என்று வைத்துக்கொண்டு, வீட்டில் சில வாரம் அதோடு வாழ்ந்து பார்த்த பிறகே ராஜினாமாக் கடிதம் கொடுக்க வேண்டும். அதற்காக முடிவே இல்லாமல் அடையாளம் கேட்டுக்கொண்டும் இருக்கக் கூடாது. இயேசு சபையின் ஆலயங்களுக்கு நிலையான வருமானம் வேண்டுமா என்ற கேள்வியில், இஞ்ஞாசியாரே 1544 பிப்ரவரி 2 முதல் மார்ச் 12 வரை, சாய்வு தெரிந்த பிறகும், உறுதி மேல் உறுதி கேட்டு நாட்குறிப்பு எழுதிக்கொண்டிருந்தார்.

பெரிய முடிவோடு இருக்கும் வேலைக்காரர்களுக்கும் குடும்பத்தார்க்கும் இதைவிடப் பொருத்தமானது நூலின் தொடக்கக் குறிப்புகளில் 19ஆவது சொல்லும் வழி: வீட்டிலிருந்தபடியே பல மாதம், நூல் சொல்லும் கணக்கில் தினம் ஒன்றரை மணி நேரம் செபம், இடையிடையே வழிகாட்டியோடு சந்திப்பு. மெதுவானது. ஆனால் அன்றாடச் சண்டை சச்சரவுக்கு நடுவிலும் முடிவு நிற்கிறதா என்பது உடனுக்குடன் தெரிந்துவிடும். அதை நடத்தித் தர ஆள் கிடைப்பதுதான் கடினம்.

எட்டு நாளுக்கே போவதென்றால், முன்பதிவு செய்யும்போது சில கேள்விகள் கேட்டாக வேண்டும். தனித்தனி வழிகாட்டுதலா, மண்டபத்தில் எல்லாருக்கும் ஒரே குறிப்பா? துறவியர் ஆண்டுத் தியானத்துக்கான தேதிகளில் பொதுநிலையினருக்கு இடம் உண்டா? வழிகாட்டி ஒரே நேரத்தில் எத்தனை பேரைப் பார்க்கிறார்? பத்துக்கு மேல் என்றால் உங்கள் முக்கால் மணி நேரம் கால் மணியாகிவிடும். கட்டணத்தில் அறையும் உணவும் அடங்குமா, வழிகாட்டிக்குக் காணிக்கை தனியா? தேர்வுக்கான கேள்வியை முன்கூட்டியே எழுதி அனுப்பலாமா? கடைசியாக, முடிவு விஷயத்தில் வழிகாட்டி என்ன செய்வார் என்று கேளுங்கள். ‘கவலைப்படாதீங்க, நீங்க என்ன செய்யணும்னு ஃபாதரே தெளிவாச் சொல்லிடுவாரு’ என்று பதில் வந்தால், வேறு இல்லத்தைப் பாருங்கள்.